சாய்வு

காதுக்கு உள்ளே, உடலின் மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று. அதற்குள் ஒரு சுருள் பாதை. இரண்டரைச் சுற்று. பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர்.

உள்ளே நீர்.

இருட்டு.

*

நீரில் செல்கள், வரிசை வரிசையாக. உள்பக்கம் ஒரு வரிசை, ஏறக்குறைய 3,500. வெளிப்பக்கம் மூன்று வரிசை, 12,000 அளவில்.

ஒரு கண்ணுக்குப் பத்துக் கோடி அளவில் ஒளியுணர் செல்கள். ஒரு காதுக்கு இவ்வளவே.

இவ்வளவுக்குள் மழை. பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். அடுத்த அறையில் யாரோ புரண்டு படுப்பது.

*

காற்று அசைகிறது. செவிப்பறை அசைகிறது.

சுத்தி. பட்டடை. அங்கவடி.

அங்கவடி மூன்று மில்லிமீட்டர் உயர எலும்பு. நீரின் வாசலில் அது அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது.

இதுவரை ஒன்றை ஒன்று தள்ளுவதுதான் நடக்கிறது. கேட்பது இன்னும் தொடங்கவில்லை.

*

ஒவ்வொரு செல்லின் தலையிலும் நுண்ணிய கம்பிகள், கட்டாக. பாடப்புத்தகம் மயிர்ச்செல் என்கிறது.

கம்பிகள் வளைவதில்லை. விறைத்து நிற்கின்றன. அடியில் மட்டும் சாய்கின்றன.

குட்டையானது முன்னால். அதற்குப் பின் சற்று உயரமானது. கடைசியில் நெடியது. சில மைக்ரோமீட்டருக்குள் முடிந்துவிடும் ஒரு படிக்கட்டு.

நெடியதன் பக்கம் சாய்ந்தால் செல்லுக்குள் மின்னோட்டம் கூடுகிறது.

குட்டையின் பக்கம் சாய்ந்தால் குறைகிறது.

குறுக்கே சாய்ந்தால் செல்லுக்கு எதுவும் நடப்பதில்லை.

*

எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்க.

தெருக்கோடியில் ஒரு நாய். குளிர்பதனப் பெட்டி. பேனா முனை தாளில் இல்லாதபோது தாளின் சத்தமும் இல்லை.

*

குட்டைக் கம்பியின் உச்சியிலிருந்து அடுத்த கம்பியின் விலாவுக்கு ஓர் இழை. 150 நானோமீட்டர் அளவு நீளம். ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்று.

பிக்கிள்ஸ், கோமிஸ், ஆஸ்போர்ன் மூவரும் 1984-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு இதை விவரிக்கிறார்கள்.

இழையின் மேல்பகுதி கேடெரின்-23. கீழ்ப்பகுதி புரோட்டோகேடெரின்-15. இரண்டு புரதங்கள், நடுவில் முனையோடு முனை பற்றியிருக்கின்றன. பற்றுதலை நிலைநிறுத்துவது கால்சியம்.

இந்த இரண்டில் ஒன்றின் மரபணு கெட்டால் குழந்தை காது கேளாமல் பிறக்கலாம். அஷர் நோய் என்றால், வளர வளரப் பார்வையும் குறுகுகிறது.

காதிலும் கண்ணிலும் ஒரே புரதம். கண்ணில் அது என்ன செய்கிறது என்று யோசிக்கத் தோன்றுகிறது. யோசனை போகட்டும்.

*

இழையின் கீழ்முனையில் வாசல். அயனி நுழையும் வாசல்.

கம்பி சாய்கிறது. இழை இழுபடுகிறது. வாசல் திறக்கிறது. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது.

நடுவில் தூதர் யாரும் இல்லை. கண்ணில் ஒளி விழுந்தால் ஒரு மூலக்கூறு இன்னொன்றை எழுப்பி, அது மற்றொன்றை எழுப்பி, அதன் பிறகே செய்தி. இங்கே இழுப்புதான் செய்தி.

1979-இல் கோரியும் ஹட்ஸ்பெத்தும் தவளையின் காதுச் செல்லில் இதை அளக்கிறார்கள். சாய்வுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே சில பத்து மைக்ரோ நொடிகள். ஒரு வேதிவினைத் தொடர் நடந்து முடிய அந்த நேரம் போதாது.

அப்படியானால் வாசல் நேராக இழுக்கப்படுகிறது என்று அவர்கள் ஊகிக்கிறார்கள். இழை அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

*

மூச்சு உள்ளே.

மூச்சு வெளியே. மூக்கின் நுனியில் மெல்லிய உரசல். அது தோலில் உணர்வதா, காதில் விழுவதா, பிரிக்க முடியவில்லை.

*

ஒலி இல்லாதபோது வாசல்கள் மூடியிருக்கும் என்றே தோன்றும்.

மூடியிருப்பதில்லை.

ஒரு பங்கு எப்போதும் திறந்திருக்கிறது. வெளிவரிசைச் செல்களில் ஏறக்குறைய பாதி. இழைகள் ஓய்விலும் தொய்வதில்லை. கம்பிக்குள் இருக்கும் மையோசின் என்ற புரதம் அவற்றை விறைப்பாக வைத்திருப்பதாகக் கருதுகிறார்கள்.

முழுக்க மூடியிருந்தால் ஒரு பக்கச் சாய்வு மட்டுமே தெரியும். பாதி திறந்திருப்பதால் இரண்டும் தெரிகின்றன. வருவதும் போவதும்.

ஓய்விலும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

*

நரம்புகளும் அப்படித்தான். உள்வரிசையின் ஒவ்வொரு செல்லிலும் பத்து, இருபது நரம்பிழைகள் வந்து தொடுகின்றன. எதுவும் ஒலிக்காதபோதும் அவற்றில் சில நொடிக்கு ஐம்பது, நூறு முறை துடிக்கின்றன.

மூளைக்கு நிசப்தம் என்று போய்ச் சேர்வது இந்தத் துடிப்பு.

*

மேலே, கம்பிகள் நனைந்திருக்கும் நீர் விசித்திரமானது. உடலில் மற்ற இடங்களில் செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி. இங்கே பொட்டாசியம். செல்லுக்குள் இருக்க வேண்டியது செல்லுக்கு வெளியே நிற்கிறது.

அந்த நீரில் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம். செல்லின் உள்ளே அதற்கு எதிர்த்திசையில் ஐம்பது, அறுபது. ஒரு சவ்வின் இரு பக்கம், வாசல் திறக்கக் காத்திருக்கும் சரிவு.

இந்த மின்கலத்தை நிரப்புவது மயிர்ச்செல் இல்லை. சுருளின் பக்கச்சுவரில் ஒரு திசு, இரத்த நாளம் நிறைந்தது. அங்கே உழைப்பு. இங்கே வாசல் மட்டும்.

மயிர்ச்செல்லின் அருகில் இரத்தக் குழாய் எதுவும் நெருங்குவதில்லை. நெருங்கியிருந்தால் இரத்தம் ஓடும் சத்தமே எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று ஒரு விளக்கம் உண்டு.

நம்பத் தோன்றுகிறது. நன்றாக அமைந்த விளக்கம் என்பதால் மட்டும் நம்பத் தோன்றுகிறதா?

*

கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி. அதற்குக் கம்பி சாயும் தூரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஓர் அணுவின் அகலத்தை ஒட்டிய அளவு.

நீரின் வெதுவெதுப்பே கம்பிகளை ஆட்டுகிறது. தவளையின் காதில் தனித்து நிற்கும் கம்பிக்கட்டு, யாரும் தொடாமலே, சில நானோமீட்டர் ஆடுகிறது.

ஆட்டம் பெரியது. செய்தி சிறியது.

இருந்தும் கேட்கிறது.

*

சுருளின் நெடுக ஒரு சவ்வு. அங்கவடி அழுத்தும் வாசலருகே குறுகி விறைப்பாக. உச்சியில் அகன்று தளர்வாக. அலை வாசலிலிருந்து புறப்படுகிறது. போகப் போக உயர்கிறது. தனக்கான இடத்தில் உச்சம் கண்டு, அடங்குகிறது.

கீச்சுக்குரல் வாசலிலேயே முடிகிறது. மிருதங்கத்தின் தொப்பி கடைசிவரை போகிறது.

ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம்.

*

இதைக் கண்ணால் கண்டவர் கேயோர்க் வான் பெகெஷி. புடாபெஸ்டில் 1899-இல் பிறந்தவர். ஹங்கேரித் தபால் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை. இறந்தவர்களின் காதெலும்பைத் திறந்து, உள்சவ்வின் மேல் வெள்ளித்துகள் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் பார்க்கிறார். துகள்கள் அலையோடு எழுந்து இறங்குகின்றன.

1961-இல் நோபல் பரிசு.

இறந்த காது அசைய வேண்டுமென்றால் ஒலி மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அவர் கண்ட அலை அகலமானது, மழுங்கியது. உயிருள்ள காதோ அடுத்தடுத்த இரு சுருதிகளைக் கூராகப் பிரிக்கிறது.

நடுவில் ஏதோ குறைகிறது.

*

1948. தாமஸ் கோல்ட், கேம்பிரிட்ஜ், வயது 28. நீருக்குள் இருக்கும் எதுவும் இவ்வளவு கூராக அதிர முடியாது, பாகுத்தன்மை இழுத்து அணைத்துவிடும் என்கிறார். காது சும்மா இருந்து வாங்கிக்கொள்ளவில்லை. தன் ஆற்றலை அலையில் சேர்க்கிறது. போர்க்கால ரேடாரில் வேலை பார்த்தவர், அலைவாங்கிக் கருவிகள் அப்படி இயங்குவதை அறிந்தவர்.

அது உண்மையானால் சில காதுகள் தாமாகவே ஒலிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

ஒலிவாங்கி வைத்துத் தேடிப் பார்க்கிறார். அகப்படவில்லை. காதை விட்டு வானியலுக்குப் போகிறார்.

அதே 1948-இல்தான் பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று சக ஆய்வாளர் பாண்டியுடன் சேர்ந்து எழுதியதும். அந்தக் கருத்து பிழைக்கவில்லை. காதைப் பற்றியது முப்பது ஆண்டு யாருக்கும் தேவைப்படாமல் கிடக்கிறது.

*

1978. லண்டனில் டேவிட் கெம்ப் ஒரு காதுக்குள் சிறு ‘டிக்’ ஒலியை அனுப்புகிறார். சில மில்லி நொடிகள் கழித்து, காதுக்குள்ளிருந்து ஒலி திரும்ப வருகிறது.

வெற்று எதிரொலிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. கேளாத காதிலிருந்து அது வருவதில்லை.

ஒன்றும் அனுப்பாதபோதும் சில காதுகளிலிருந்து மெல்லிய ஒற்றைச் சுருதி வந்துகொண்டே இருக்கிறது. காதுக்கு உரியவருக்குப் பெரும்பாலும் அது கேட்பதில்லை.

*

இந்த அறையிலும் அது இருக்கலாம்.

*

1985-இல் வில்லியம் பிரவுனெல் கினிப்பன்றியின் வெளிவரிசைச் செல்லைத் தனியே எடுத்து மின்னழுத்தத்தை மாற்றுகிறார். செல் சுருங்குகிறது. நீள்கிறது. தசையில்லாத செல்.

அதே ஆண்டுகளில் ஜொனாதன் ஆஷ்மோர் ஒரு செல்லுக்குள் பழைய ராக் பாட்டு ஒன்றின் மின்னலையைச் செலுத்திப் படம் பிடிக்கிறார். நுண்ணோக்கியின் கீழ் அந்தச் செல் பாட்டுக்கு நீண்டு குறுகி ஆடுகிறது. பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு அடங்கிய பின்னும் செல் ஆடிக்கொண்டிருக்கிறது.

2000-இல் அந்த அசைவுக்குக் காரணமான புரதமும் கிடைக்கிறது. ப்ரெஸ்டின். செல்லின் பக்கச்சுவர் முழுக்க நெருக்கமாக அடுக்கியிருக்கிறது. மின்னழுத்தம் மாறினால் அதன் அகலம் மாறுகிறது.

*

சவ்வு அசைகிறது. கம்பி சாய்கிறது. மின்னோட்டம். செல் குறுகுகிறது. சவ்வு இன்னும் அசைகிறது. ஊஞ்சல் திரும்பும் நொடியில் கைகொடுத்து உந்திவிடுவது போல.

உந்துவது வெளிவரிசை. மூளைக்குச் சொல்வது உள்வரிசை.

நரம்பிழைகளில் இருபதுக்குப் பத்தொன்பது உள்வரிசைக்கே போகின்றன. மூன்று வரிசையாக நிற்கும் 12,000 செல்களும் தாம் கேட்டதைப் பெரும்பாலும் யாருக்கும் சொல்வதில்லை.

மாறாக, மூளையிலிருந்து அவற்றுக்கு நரம்பு வருகிறது. உந்துவதைக் குறைக்கச் சொல்லும் நரம்பு.

கேட்பதற்குள் எவ்வளவு செய்வது இருக்கிறது.

*

உயிர் போனதும் உந்துதல் நிற்கிறது. சவ்வு பெகெஷி பார்த்த சவ்வு ஆகிறது.

*

பிறந்த மறுநாள் குழந்தை. காதில் மிருதுவான ரப்பர் முனை. முனையிலிருந்து ஒரு ஒயர், கையடக்கக் கருவிக்கு.

“தூங்கிட்டாளே மேடம். எழுப்பட்டுமா?”

“வேண்டாம்மா. தூங்கினாத்தான் நல்லா வரும்.”

கருவி கெம்பின் ‘டிக்’கை அனுப்புகிறது. காத்திருக்கிறது. குழந்தையின் நெற்றியில் ஒரு சுருக்கம் தோன்றி மறைகிறது. அறையில் யாரும் மூச்சைக்கூடப் பெரிதாக விடுவதில்லை.

திரையில் ‘பாஸ்’.

அடுத்த காது.

இந்தப் பரிசோதனைக்குத் தெரிவது வெளிவரிசை மட்டும். உள்வரிசைக்கு அப்பால், நரம்பில் என்ன நடக்கிறது என்பதற்கு வேறு பரிசோதனை. அம்மாவுக்கு இப்போதைக்கு ‘பாஸ்’ போதும்.

*

மயிர்ச்செல்கள் பிறப்புக்கு வெகு முன்பே உருவாகி முடிந்தவை. பிறகு பிரிவதில்லை. கூடுவதில்லை.

கருப்பை நீருக்குள்ளிருந்து அம்மாவின் குரலுக்குச் சாய்ந்த கம்பிகளும், அறுபதாம் வயதில் மருந்துக்கடையில் மீதிச் சில்லறை எண்ணும் ஒலிக்குச் சாயும் கம்பிகளும் ஒரே செல்களின் தலையில்தான்.

*

திருவிழா. கோயில் வாசலில் கூம்பு ஒலிபெருக்கி. அதற்கு நேர் கீழே பலூன்காரர், நாள் முழுக்க.

திரும்பி வந்து படுத்த பின் காதில் ‘ங்’ என்று ஒரு கோடு. அறையில் எதுவும் ஒலிக்கவில்லை. கோடு மட்டும்.

கவனித்தால் பெரிதாகிறது. கவனிக்காமல் இருக்க முயன்றாலும் பெரிதாகிறது.

*

பேரொலியில் இழைகள் அறுகின்றன. கோழிக்குஞ்சின் செல்களில் கால்சியத்தை அகற்றி இழைகளை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளுக்குள் மறுபடி கட்டிக்கொள்கின்றன.

மறுநாள் காலை கோடு இல்லை. எல்லாம் பழையபடி.

எலிகளில் 2009-இல் குஜாவாவும் லிபர்மனும் அந்தப் பழையபடியை உற்றுப் பார்க்கிறார்கள். கேட்கும் எல்லை திரும்பிவிட்டது. மயிர்ச்செல்கள் நிற்கின்றன. ஆனால் உள்வரிசைச் செல்லைத் தொட்டுக்கொண்டிருந்த நரம்பு முனைகளில் பல இல்லை.

*

ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வருகிறது. காசநோய்க்காரர்கள் எழுந்து நடக்கிறார்கள். அவர்களில் சிலர் தள்ளாடி நடக்கிறார்கள். சிலருக்குக் காது போகிறது.

அந்த வகை மருந்து மயிர்ச்செல்லுக்குள் போகும் வழி, இழையின் கீழ்முனையில் உள்ள அதே வாசல். பாதி திறந்திருக்கும் வாசல். உள்ளே போனது எளிதில் வெளியே வருவதில்லை.

*

தள்ளாட்டம் ஏன் என்றால், சுருளுக்குப் பக்கத்தில் வேறு அறைகள் இருக்கின்றன. அங்கேயும் இதே செல்கள். கம்பிகளின் மேல் ஒரு கூழ். கூழின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள், தூளாக.

தலையைச் சாய்த்தால் தூளின் எடை இழுக்கிறது. கம்பி சாய்கிறது. கீழே எது என்று தெரிகிறது.

கண்ணை மூடித் தலையை இடப்பக்கம் சாய்க்க. மெதுவாக.

தெரிகிறது.

இதை யாரும் கேட்பது என்று சொல்வதில்லை. செல்லுக்கு வேறுபாடு தெரியாது.

மீனின் விலா ஓரத்தில், தலை முதல் வால் வரை, இந்தச் செல்களே ஒரு கோடாக ஓடுகின்றன. நீர் தொட்டுப் போவதை மீன் அதில் அறிகிறது. அது தொடுதலா, கேட்டலா?

*

வயது ஏறும்போது பொதுவாக முதலில் போவது அங்கவடியின் வாசலருகே உள்ள செல்கள். கீச்சுச் சுருதிகளின் இடம். உயிரெழுத்துகள் நிற்கின்றன. ‘ச’வும் ‘ஸ’வும் உதிர்கின்றன.

“சத்தம் கேக்குது. பேசுறதுதான் புரியல.”

திண்ணையில் இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி தெருவைப் பார்க்கிறார். அடுத்தவர் சத்தத்தைக் கூட்டிச் சொல்கிறார். கூட்டினால் நிற்பது இன்னும் கொஞ்சம் உயிரெழுத்து.

*

இழந்த இடத்தில் மனிதக் காது வடு கட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் தாங்குசெல்கள் விரிந்து ஓட்டையை அடைக்கின்றன. நீர் கலந்துவிடாமல் காக்கின்றன. அவ்வளவு.

*

1988. ‘சயன்ஸ்’ இதழில் இரண்டு கட்டுரைகள். ஒன்று கோழிக்குஞ்சு பற்றி. மற்றது காடை. பேரொலியால் மயிர்ச்செல்கள் அழிந்த இடத்தில் புதியவை நிற்கின்றன.

குஞ்சின் காதிலும் தாங்குசெல் உண்டு. சும்மா நிற்கும் செல். அண்டைச் செல் போனதும் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தாங்குசெல்லாகவே நின்றுவிடுகிறது. மற்றதன் தலையில் கம்பிகள் முளைக்கின்றன, படிப்படியாக உயர்கின்றன, நரம்பு வந்து தொடுகிறது.

சில வாரங்களில் குஞ்சுக்குக் கேட்கிறது.

*

எலிக்கும் தாங்குசெல் இருக்கிறது. பிறந்த புதிதில், மயிர்ச்செல் அழிந்தால், எலிக்குட்டியின் தாங்குசெல்களில் சில புதிய மயிர்ச்செல்லாக மாறுகின்றன. சில பிரிகின்றன. முதல் வாரம் கழியும்போது அது ஏறக்குறைய நின்றுபோகிறது.

எலிக்குட்டிக்கு வெளியுலகின் ஒலி கேட்கத் தொடங்குவது பன்னிரண்டாம் நாள் வாக்கில்.